380 ஆட்டங்களும் 39 நாள் அவகாசமும்: ஜப்பான் கால்பந்துப் பருவம் அந்தமானுக்குச் சொல்வது என்ன?

ஸ்ரீ விஜயபுரம்: ஜப்பானின் முதல்நிலை தொழில்முறை கால்பந்துத் தொடரான ஜே1 லீக்கின் 2025-ஆம் ஆண்டுப் பருவம் அவ்வாண்டு டிசம்பர் 6-ஆம் தேதி நிறைவடைந்தது. கடைசி நாள் ஆட்டத்தில் யோகோஹாமா எஃப் மரினோஸ் அணியை 2-1 என்ற கோல் கணக்கில் வென்ற காஷிமா ஆன்ட்லர்ஸ், 76 புள்ளிகளுடன் பட்டத்தைக் கைப்பற்றியது. காஷிவா ரெய்சோல் 75 புள்ளிகளுடன் இரண்டாம் இடம் பெற்றது. 20 அணிகள் தலா 38 ஆட்டங்கள் ஆடி, மொத்தம் 380 ஆட்டங்கள் முடிந்த பிறகே ஒரு புள்ளி வித்தியாசத்தில் சாம்பியன் யார் என்பது தெரியவந்தது.

அதற்கு இரண்டு நாள் கழித்து, டிசம்பர் 8-ஆம் தேதி, இந்தியாவின் முதல்நிலைத் தொடரான இந்தியன் சூப்பர் லீக்கை (ஐஎஸ்எல்) நடத்துவதற்கான 15 ஆண்டுக்கால வணிக உரிமை ஒப்பந்தம் காலாவதியானது. அன்றைய நிலவரப்படி 2025-26 பருவத்தில் ஓர் ஆட்டம்கூட நடைபெறவில்லை. எப்போது தொடங்கும் என்பதும் அறிவிக்கப்படவில்லை.

இந்த இரு நிகழ்வுகளையும் ஒப்பிட்டுப் பேசுவோர் பெரும்பாலும் கொல்கத்தா, கொச்சி, சென்னை ரசிகர்களின் ஏமாற்றத்தையே குறிப்பிடுகின்றனர். ஆனால், ஒரு நாட்டின் கால்பந்து நாள்காட்டி நிலைகுலையும்போது அதிகம் இழப்பது, ஐஎஸ்எல் அணியே இல்லாத தொலைதூரப் பகுதிகள்தாம். வங்கக் கடலில் சென்னையிலிருந்து ஏறத்தாழ 1,350 கிலோமீட்டர் தொலைவில் தலைநகரைக் கொண்ட அந்தமான் நிகோபார் தீவுகள் அதற்குச் சரியான எடுத்துக்காட்டு.

தடுமாறிய இந்தியப் பருவம்

அகில இந்திய கால்பந்து கூட்டமைப்புடன் 2010-இல் செய்துகொள்ளப்பட்ட ஒப்பந்தத்தின் கீழ் ஃபுட்பால் ஸ்போர்ட்ஸ் டெவலப்மென்ட் நிறுவனம் ஐஎஸ்எல் தொடரை நடத்திவந்தது. ஆண்டுக்கு 50 கோடி ரூபாய் கூட்டமைப்புக்கு வழங்கப்படும் என்பது அதன் முக்கிய அம்சம். ஒப்பந்தம் புதுப்பிக்கப்படாத நிலையில், 2025-26 பருவத்தை நிறுத்திவைப்பதாக அந்நிறுவனம் 2025 ஜூலை 11-ஆம் தேதி கிளப்புகளுக்குத் தெரிவித்தது.

கூட்டமைப்பின் சட்டவிதிகள் தொடர்பான வழக்கு உச்ச நீதிமன்றத்தில் நிலுவையில் இருந்ததும் தாமதத்துக்கு ஒரு காரணம். செப்டம்பர் 19-ஆம் தேதி புதிய சட்டவிதிகளுக்கு நீதிமன்றம் ஒப்புதல் அளித்தது. ஓய்வுபெற்ற நீதிபதி எல்.நாகேஸ்வர ராவ் மேற்பார்வையில் புதிய வணிகக் கூட்டாளியைத் தேடும் ஒப்பந்தப்புள்ளி கோரப்பட்டது. நவம்பர் 7-ஆம் தேதி கெடு முடிந்தபோது ஒருவர்கூட விண்ணப்பித்திருக்கவில்லை.

சில கிளப்புகள் ஊதியத்தை நிறுத்திவைத்தன. 2026 ஜனவரி தொடக்கத்தில் சுனில் சேத்ரி, குர்பிரீத் சிங் சந்து, சந்தேஷ் ஜிங்கன் உள்ளிட்ட மூத்த வீரர்கள், சர்வதேசக் கால்பந்து அமைப்பான ஃபிஃபா தலையிட வேண்டும் எனக் காணொளி வழியாகக் கோரிக்கை விடுத்தனர். அதைத் தொடர்ந்து, 14 அணிகளுடன் பிப்ரவரி 14-ஆம் தேதி தொடர் தொடங்கும் என மத்திய விளையாட்டுத் துறை அமைச்சர் மன்சுக் மாண்டவியா ஜனவரி 6-ஆம் தேதி அறிவித்தார். அறிவிப்புக்கும் முதல் ஆட்டத்துக்கும் இடையே இருந்த அவகாசம் 39 நாள்கள். ஒவ்வோர் அணியும் மற்ற அணிகளை ஒருமுறை மட்டுமே சந்திக்கும் வகையில் ஆட்டங்களின் எண்ணிக்கை 91 ஆகக் குறைக்கப்பட்டது.

தேசிய அணியும் இக்காலத்தில் சரிவைச் சந்தித்தது. 2027 ஆசியக் கோப்பைக்கான தகுதிச் சுற்றில் சிங்கப்பூரிடம் தோற்று வெளியேறிய இந்தியா, பின்னர் வங்கதேசத்திடமும் தோற்றது. லீக் முடங்கியது மட்டுமே இதற்குக் காரணம் என்று கூறிவிட முடியாது. எனினும், போட்டி ஆட்டங்களே இல்லாமல் மாதக்கணக்கில் காத்திருந்த வீரர்களைக் கொண்டு ஓர் அணியைத் தயார்செய்வது எந்தப் பயிற்சியாளருக்கும் எளிதன்று.

ஜப்பான் எடுத்துக்கொண்ட அவகாசம்

ஜப்பானும் இதே காலத்தில் தனது நாள்காட்டியை மாற்றி அமைத்துவருகிறது. பிப்ரவரியில் தொடங்கி டிசம்பரில் முடியும் முறையைக் கைவிட்டு, ஆகஸ்டில் தொடங்கி அடுத்த ஆண்டுக் கோடையின் முற்பகுதியில் முடியும் முறைக்கு ஜே லீக் மாறுகிறது. கடும் கோடை வெப்பத்தில் வீரர்கள் ஆடுவதைக் குறைப்பதும், ஆசிய, ஐரோப்பிய நாள்காட்டிகளுடன் இணைவதும் இதன் நோக்கங்கள். கடும் பனி பொழியும் பகுதிகளைச் சேர்ந்த கிளப்புகள் இதுகுறித்துக் கவலை தெரிவித்தன. குளிர்கால இடைவேளை திட்டத்தில் சேர்க்கப்பட்டது.

இம்முடிவு எடுக்கப்பட்டது 2023 டிசம்பரில். நடைமுறைக்கு வருவது 2026 ஆகஸ்டில். இரண்டரை ஆண்டுகளுக்கும் மேற்பட்ட அவகாசம் அளிக்கப்பட்டது. இடைப்பட்ட மாதங்கள் வெறுமையாக விடப்படாமல், 2026 பிப்ரவரி முதல் ஜூன் வரை நடைபெறும் வகையில், தரம் இறக்கம் இல்லாத சிறப்புத் தொடர் ஒன்றும் வகுக்கப்பட்டது.

இரு நாடுகளுக்கும் இடையிலான பண வேறுபாடு எல்லோரும் அறிந்தது. ஆனால் இங்கு கவனிக்க வேண்டியது பணம் மட்டுமன்று. அடுத்த பருவம் எப்போது என்ற கேள்விக்கு, நாட்டின் எந்த மூலையில் உள்ள பயிற்சியாளரும் பள்ளி ஆசிரியரும் பெற்றோரும் விடையறிந்திருக்கிறார்கள் என்பதே முக்கியம்.

சிறு நகரத்தின் பெரிய அணி

1965-இல் தொடங்கிய ஜப்பானின் பழைய லீக், நிறுவனங்களின் பணியாளர் அணிகளால் ஆனது. இந்தியாவில் வங்கிகளும் ரயில்வேயும் காவல் துறையும் அணிகளை நடத்திய காலத்தை நினைவுபடுத்தும் அமைப்பு அது. 1993 மே 15-ஆம் தேதி 10 அணிகளுடன் ஜே லீக் தொடங்கியபோது, அணிகள் நிறுவனப் பெயரை விடுத்து ஊரின் பெயரால் அறியப்பட வேண்டும் என்ற கொள்கை முன்வைக்கப்பட்டது. உள்ளூர் நிர்வாகம், தொழில் நிறுவனம், மக்கள் ஆகிய மூன்று தரப்பும் சேர்ந்து அணியைத் தாங்க வேண்டும் என்பதே அதன் உட்பொருள்.

2025 சாம்பியனான காஷிமா அக்கொள்கையின் விளைவு. மக்கள்தொகை 70 ஆயிரத்துக்கும் குறைவான அந்நகரம், சுமிடோமோ மெட்டல் உருக்காலையை நம்பி வளர்ந்தது. புதிய லீக்கில் சேர விண்ணப்பித்தபோது வாய்ப்பு ஏறக்குறைய இல்லை என்றே கூறப்பட்டது. 15 ஆயிரம் பேர் அமரக்கூடிய, கூரையுடன் கூடிய மைதானம் இருந்தால் மட்டுமே பரிசீலிக்கலாம் என நிபந்தனை விதிக்கப்பட்டது. மைதானம் எழுப்பப்பட்டது. 1991-இல் அங்கு வந்துசேர்ந்த பிரேசில் நட்சத்திரம் ஜிகோ, வீரர்களுக்குத் தொழில்முறை ஒழுங்கைக் கற்பித்தார். முதல் பருவத்தின் முதல் கட்டத்தை வென்ற காஷிமா, இப்போது 9 லீக் பட்டங்களுடன் நாட்டின் தலைசிறந்த அணிகளுள் ஒன்றாக விளங்குகிறது.

2011 மார்ச் 11-ஆம் தேதி ஏற்பட்ட நிலநடுக்கத்தில் காஷிமா மைதானம் சேதமடைந்தது. லீக் நிறுத்தப்பட்டு, ஏப்ரல் பிற்பகுதியில் மீண்டும் தொடங்கியது. பேரழிவை மிக அருகிலிருந்து கண்ட செண்டாய் நகரின் அணி அவ்வாண்டு நான்காம் இடம் பிடித்தது. 2004 ஆழிப்பேரலையில் கார் நிகோபாரின் கடலோரக் கிராமங்கள் அழிந்ததைக் கண்ட அந்தமான் நிகோபார் மக்களுக்கு, மீண்டும் ஒரு பந்து உருளத் தொடங்குவதன் பொருளை விளக்க வேண்டியதில்லை.

ஒகினாவா என்ற ஒப்பீடு

அந்தமானுடன் ஒப்பிடக் காஷிமாவைவிடப் பொருத்தமானது ஒகினாவா. டோக்கியோவிலிருந்து சுமார் 1,500 கிலோமீட்டர் தொலைவில் உள்ள இத்தீவுகள், 1972 வரை அமெரிக்க நிர்வாகத்தின் கீழ் இருந்தன. 2003-இல் உருவான எஃப்சி ரியூக்யூ என்ற ஒகினாவா அணி, 2014-இல் மூன்றாம்நிலைத் தொடரான ஜே3 தொடங்கப்பட்டபோது அதில் இடம்பெற்றது. 2018-இல் ஜே3 பட்டத்தை வென்று ஜே2-க்கு உயர்ந்தது. 2022 வரை அங்கு ஆடி மீண்டும் தரம் இறங்கியது.

இந்த அணி முதல்நிலைத் தொடரில் ஒருமுறைகூட ஆடியதில்லை. ஆயினும் அதற்கு மேலே செல்லும் பாதை எழுத்தில் இருக்கிறது. கீழே விழுந்தாலும் நிற்க ஓர் இடம் இருக்கிறது. மூன்று நிலைகளிலும் தலா 20 வீதம் 60 கிளப்புகள் என்ற அமைப்பின் பயன் இதுவே. நெடுங்காலம் இரண்டாம்நிலையிலேயே ஆடிவந்த மிட்டோ ஹாலிஹாக் அணி, 2025-இல் ஜே2 பட்டத்தை வென்று முதன்முறையாக ஜே1-க்குத் தகுதி பெற்றதும் அதே பாதையில்தான்.

ஒகினாவாவுக்கு இன்னொரு பயனும் உண்டு. குளிர்காலத்திலும் இதமான வெப்பம் நிலவுவதால், பருவத்துக்கு முந்தைய பயிற்சி முகாம்களைப் பல கிளப்புகள் அங்கு நடத்துகின்றன. உள்ளூர்ச் சிறுவர்கள் முதல்நிலை வீரர்களை ஆண்டுதோறும் நேரில் காண்கின்றனர். மைதானங்கள் பராமரிக்கப்படுகின்றன. விடுதிகளுக்கு வருவாய் கிடைக்கிறது.

தீவுகளின் நிலை

அந்தமானில் ஜப்பான் என்ற பெயருக்கு வேறொரு நினைவும் உண்டு. 1942 மார்ச் முதல் 1945 வரை இத்தீவுகள் ஜப்பானிய ராணுவத்தின் பிடியில் இருந்தன. உள்ளூர் மக்கள் அனுபவித்த கொடுமைகள் தலைமுறைகளாகச் சொல்லப்படுகின்றன. 1943 டிசம்பர் 30-ஆம் தேதி நேதாஜி சுபாஷ் சந்திர போஸ் இங்கு மூவர்ணக் கொடியேற்றிய ஜிம்கானா மைதானமே இன்றைய நேதாஜி ஸ்டேடியம். தீவுகளின் தலைநகரில் விளையாட்டின் மையமாக இருப்பதும் அதுவே.

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி யூனியன் பிரதேசத்தின் மக்கள்தொகை சுமார் 3.80 லட்சம். தமிழைத் தாய்மொழியாகக் கொண்டோர் ஏறத்தாழ 15 சதவீதம். வங்காள மொழி பேசுவோர் அதைவிட அதிகம். நிகோபார் மாவட்டத்தின் மக்கள்தொகை 37 ஆயிரத்துக்கும் குறைவு. நிகோபாரி மக்களிடையே, குறிப்பாகக் கார் நிகோபாரில், கால்பந்து ஊறிப்போன விளையாட்டு.

ஆயினும் அந்த ஆர்வத்துக்கும் தேசியக் களத்துக்கும் இடையே உள்ள தூரம் பெரிது. 2021 டிசம்பரில் கொச்சியில் நடைபெற்ற சந்தோஷ் கோப்பை தென்மண்டலத் தகுதிச் சுற்றில் அந்தமான் நிகோபார் அணி 0-9 என்ற கோல் கணக்கில் கேரளத்திடம் தோற்றது. கேரளம் அப்பருவத்தின் சாம்பியன் ஆனது என்பதை நினைவில் கொள்ள வேண்டும். வலுவான மாவட்ட லீக்குகளிலும் ஐஎஸ்எல் கிளப்புகளின் இரண்டாம் அணிகளிலும் ஆண்டு முழுவதும் ஆடும் வீரர்களை, ஆண்டுக்கு ஓரிரு முறை மட்டுமே வெளி அணிகளைச் சந்திக்கும் வீரர்கள் எதிர்கொண்டதன் விளைவு அது. ஒன்பது கோல்களும் திறமையின் அளவுகோல் அல்ல. ஆடிய ஆட்டங்களின் எண்ணிக்கையில் உள்ள இடைவெளியின் அளவுகோல்.

இத்தூரத்தில் பயணத்தின் பங்கு முக்கியமானது. சென்னையிலிருந்து ஸ்ரீ விஜயபுரத்துக்குக் கப்பல் வந்துசேர ஏறத்தாழ மூன்று நாள்கள் ஆகும். விமானப் பயணம் சுமார் இரண்டு மணி நேரமே என்றாலும், 20 பேர் கொண்ட அணிக்குக் கடைசி நேரத்தில் பயணச்சீட்டு வாங்குவது பெரும் செலவு. கார் நிகோபார் வீரர் முதலில் சுமார் 270 கிலோமீட்டர் கடல் கடந்து தலைநகருக்கு வர வேண்டும். போட்டித் தேதி தள்ளிப்போனால், கொல்கத்தா அணி தனது பேருந்து முன்பதிவை ரத்து செய்கிறது. தீவு அணியோ கப்பல் இடங்களையும், பள்ளி விடுப்பையும், சில வேளைகளில் அந்த ஆண்டின் ஒரே வாய்ப்பையும் இழக்கிறது. நாள்காட்டியின் நிச்சயமின்மைக்குத் தொலைவு அதிகமானோரே அதிக விலை கொடுக்கின்றனர்.

மற்றொரு தனித்தன்மையும் உண்டு. பழங்குடியினர் பாதுகாப்புக்கான 1956-ஆம் ஆண்டு ஒழுங்குவிதிகளின் கீழ் நிகோபார் தீவுகளுக்குள் நுழைய வெளியாருக்கு அனுமதி தேவை. அந்தப் பாதுகாப்பு அவசியமானது. அதேவேளை, தமிழ்நாட்டுக் கிராமத்துக்குச் செல்வதுபோல, ஒரு கிளப்பின் தேர்வாளர் நினைத்த நேரத்தில் கார் நிகோபார் செல்ல இயலாது. ஆகவே திறமையை வெளியே கொண்டுவரும் பொறுப்பு முழுவதும் உள்ளூர் அமைப்பின் மீதே விழுகிறது.

சைக்கிள் காட்டிய வழி

பாதை அமைந்தால் தீவு இளைஞர்கள் எவ்வளவு தூரம் செல்வார்கள் என்பதற்குச் சான்று இருக்கிறது. ஆனால் அது கால்பந்தில் இல்லை. நிகோபாரைச் சேர்ந்த ஈசோ ஆல்பன், 2018-இல் சுவிட்சர்லாந்தில் நடைபெற்ற ஜூனியர் உலக டிராக் சைக்கிள் சாம்பியன்ஷிப்பில் வெள்ளி வென்றார். உலக அளவிலான அப்போட்டியில் இந்தியாவுக்குக் கிடைத்த முதல் பதக்கம் அது. அடுத்த ஆண்டு ஜெர்மனியில் நடைபெற்ற போட்டியில் குழு ஸ்பிரின்ட் தங்கம் வென்ற இந்திய அணியிலும் அவர் இடம்பெற்றார். 2004 ஆழிப்பேரலையிலிருந்து சிறுமியாக உயிர்பிழைத்த டெபோரா ஹெரால்டு, நாட்டின் முன்னணி சைக்கிள் வீராங்கனையாக உயர்ந்தார்.

மூன்றாமவரின் பெயரே ஒரு செய்தி. இங்கிலாந்து கால்பந்து நட்சத்திரத்தின் பெயரைத் தாங்கிய நிகோபார் இளைஞர் டேவிட் பெக்காம், 2020 குவாஹாட்டி கேலோ இந்தியா இளைஞர் விளையாட்டுப் போட்டியில் தங்கம் வென்றார். 2022 பர்மிங்காம் காமன்வெல்த் போட்டிக்கான இந்திய அணியில் இடம்பிடித்தார். அவர் தேசிய வீரரானது சைக்கிளில்.

காரணம் சிக்கலானதன்று. சைக்கிள் பந்தயத்தில் தீவிலேயே பயிற்சி, தலைநகர் டெல்லியில் தேசிய அகாதெமி, அங்கிருந்து சர்வதேசப் போட்டிகள் என ஒரு வரிசை இருந்தது. ஓர் இளைஞரை ஒருமுறை அழைத்துச் சென்றால் போதும். நேரத்தை அளக்கும் கடிகாரம் அவரது தரத்தைச் சொல்லிவிடும். கால்பந்தில் அப்படி இயலாது. தொடர்ந்து ஆட வேண்டும், தரமான எதிரணிகளுடன் ஆட வேண்டும், யாரேனும் தொடர்ந்து பார்க்கவும் வேண்டும். அதற்கு லீக் தேவை.

எதிர்வாதமும் இந்திய முன்னுதாரணமும்

நான்கு லட்சத்துக்கும் குறைவான மக்கள்தொகையில் தொழில்முறை அணியை எதிர்பார்ப்பது நியாயமா என்ற கேள்வி எழலாம். நியாயமான கேள்வியே. ஸ்ரீ விஜயபுரத்தின் மக்கள்தொகை காஷிமாவைவிட அதிகம் என்றாலும், காஷிமாவுக்குப் பின்னால் ஓர் உருக்காலை இருந்தது. சுமார் 100 கிலோமீட்டரில் டோக்கியோ இருந்தது. ஒகினாவாவின் மக்கள்தொகை 14 லட்சத்துக்கும் மேல். அந்தமானில் ஓர் ஐஎஸ்எல் அணி என்பது இன்றைய சூழலில் கற்பனையே.

ஆனால் இங்கு தேவைப்படுவது அணியன்று, ஏணி. அதற்கான முன்னுதாரணத்தைத் தேட ஜப்பான் வரை செல்ல வேண்டியதில்லை. சுமார் 11 லட்சம் மக்கள் வாழும் மலை மாநிலமான மிசோரம், 2012-இல் சொந்தமாக பிரீமியர் லீக் தொடங்கியது. உள்ளூர்க் கேபிள் தொலைக்காட்சி அதை ஒளிபரப்பியது. 2014-இல் சந்தோஷ் கோப்பையையும், 2016-17-இல் ஐஸ்வால் எஃப்சி மூலம் ஐ-லீக் பட்டத்தையும் மிசோரம் வென்றது. சென்னையின் எஃப்சி ரசிகர்கள் நெஞ்சில் இடம்பிடித்த ஜேஜே லால்பெக்லுவா அம்மாநிலத்தவர். பெரிய நிறுவனமோ பெரிய நகரமோ இன்றி, ஆண்டுதோறும் தவறாமல் நடக்கும் உள்ளூர் லீக் ஒன்றே தொடக்கப்புள்ளியாக இருந்தது.

செய்யக்கூடியவை

தீவுகளுக்கு உடனடியாகப் பயன்தரக்கூடியவை சில உண்டு. முதலாவது, மாயாபந்தர் முதல் காம்பெல் பே வரை கப்பல் அட்டவணையையும் பருவமழையையும் கணக்கில் கொண்டு முன்கூட்டியே அறிவிக்கப்படும் தீவுகளுக்கு இடையிலான லீக். இரண்டாவது, நிகோபார் சிறுவர்கள் தலைநகரில் தங்கிப் படித்து ஆட விடுதி. மூன்றாவது, சென்னை அல்லது கொல்கத்தா லீக்கின் கீழ்நிலைப் பிரிவு ஒன்றில், பருவத்தின் ஒரு பகுதிக்காவது, தீவு அணி முகாமிட்டு ஆடும் ஏற்பாடு. நான்காவது, மழை குறைந்த ஜனவரி முதல் ஏப்ரல் வரையிலான மாதங்களில் பெருநகர கிளப்புகளின் இளையோர் பயிற்சி முகாம்களைத் தீவுகளுக்கு ஈர்ப்பது.

இவை அனைத்தும் ஒரு நிபந்தனையைச் சார்ந்தவை. மேலே உள்ள தொடர்கள் சொன்ன தேதியில் தொடங்கி, சொன்ன தேதியில் முடிய வேண்டும். தேசிய லீக் எப்போது என்பதே தெரியாதபோது, மாநிலப் போட்டிகளின் தேதியை எவரும் உறுதிசெய்ய முடியாது. மாநிலப் போட்டிகளின் தேதி தெரியாமல், கார் நிகோபாரிலிருந்து வீரர்களைக் கப்பலேற்றவும் முடியாது.

ஐஎஸ்எல்லின் புதிய வணிக அமைப்பு குறித்த விவாதங்களில் ஒளிபரப்பு உரிமை, உரிமத் தொகை, கிளப்புகளின் பங்கு ஆகியவையே முன்னிலை பெறுகின்றன. அவை தேவையானவை. ஆனால் அவற்றுடன், குறைந்தது இரண்டு பருவங்களுக்கான நாள்காட்டியை முன்கூட்டியே வெளியிடும் கடப்பாடும், தொலைதூர யூனியன் பிரதேச அணிகளின் பயணத்துக்கான நிரந்தர ஒதுக்கீடும் சேர வேண்டும். அவை சேருமா என்பதைப் பொறுத்தே, நிகோபாரில் கால்பந்து நட்சத்திரத்தின் பெயர் சூட்டப்படும் அடுத்த குழந்தை எந்த விளையாட்டில் நாட்டுக்காக ஆடும் என்பது முடிவாகும்.